மிஸிஸ் விட்மர் சொன்ன ஒரு சொல்

1.

இந்தக் கதை எனக்கு ரயிலில் கிடைத்தது என்றுதான் முதலில் எழுதியிருந்தேன். ஆராவிலிருந்து லாங்கன்தாலுக்கு வரும் வழியில், முன் இருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள் தணிந்த குரலில் கதைத்துக்கொண்டு வந்தார்களாம். நான் பத்திரிகை படிப்பதுபோல் இருந்து ஒட்டுக்கேட்டேனாம். வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது பொய். சுவிஸுக்கு வந்த இந்தப் பதினெட்டு வருடத்தில் ரயிலில் எனக்குக் கிடைத்தது யாரோ மறந்துவிட்டுப் போன ஒரு குடை மாத்திரம்.

கதை கிடைத்தது வேலைத்தலத்தில். லாங்கன்தாலில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். அதன் பெயரை எழுதமாட்டேன். இங்கே வேலை செய்கிற தமிழர் எல்லோரும் சொல்வதுபோல் ‘ஹைம்’ என்றே சொல்லிவிட்டுப் போகிறேன். பல்லில்லாதவர்களுக்கும் விழுங்க முடியாதவர்களுக்கும் சாப்பாட்டை மசித்துக் கொடுப்பது என் பொறுப்பு. கரட் ஒரு கிண்ணம், கிழங்கு ஒரு கிண்ணம், இறைச்சி ஒரு கிண்ணம். மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். மூன்று அச்சில் வந்திருக்கின்றன. அதனால் ஹைமில் உள்ள தமிழர்கள் என்னைச் சிவநேசன் என்று கூப்பிடுவதில்லை. ‘எழுத்தாளர் அண்ணை’ என்பார்கள். அதில் மரியாதை பாதி, பகிடி பாதி.

கதை என்னைப் பற்றியதல்ல. கஜலக்சுமியைப் பற்றியது. ஐம்பத்தொரு வயது. இரண்டாம் மாடியில் பராமரிப்பு உதவியாளராக இருந்தவள்.

(நேரில் ‘நீங்கள்’ என்று கதைக்கும் ஒருத்தியைக் கதைக்குள் ‘அவள்’ என்று எழுதக் கை கூசியது. முதல் பிரதி முழுக்க ‘அவர்’ என்றுதான் எழுதினேன். ‘அவர்’ என்றதும் கஜலக்சுமி எழும்பிப்போய் மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்துகொண்டாள், கிட்ட வர மறுத்துவிட்டாள். எனவே ‘அவள்’. மன்னிக்க வேண்டும்.)

2.

எழுதிக் கைவிட்ட தொடக்கங்கள்:

‘கார்த்திகை மாதத்து மூடுபனி லாங்கன்தாலை விழுங்கியிருந்தது.’ கைவிட்டேன். அந்தப் பனி ஐப்பசிக் கடைசியில் வந்தால் மாசி வரை நிற்கும். அதில் என்ன புதினம்?

‘மரணம் என்பது’

இல்லை. அப்படித் தொடங்கிய எந்தக் கதையையும் நானே இரண்டாம் பக்கம் வரை படித்ததில்லை.

‘மிஸிஸ் விட்மருக்கு எண்பத்தாறு வயது.’ இதை வைத்துக்கொள்கிறேன்.

மிஸிஸ் விட்மருக்கு எண்பத்தாறு வயது. பிறந்தது இங்கிலாந்தில். இருபத்தைந்து வயதில் ஒரு சுவிஸ்காரரை மணம் முடித்துக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவர். முப்பது வருடம் மாலை வகுப்புகளில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் படிப்பித்தவர். கணவர் போய் எட்டு வருடம். ஒரே மகன் ஆந்திரேயாஸ், பாசலில் இருக்கிறார். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவார்.

இரண்டு வருடத்துக்கு முன் மூளையில் இரத்தக்குழாய் அடைத்து, மிஸிஸ் விட்மரின் வலது கையும் வலது காலும் செயலிழந்தன. கூடவே ஜெர்மன் போய்விட்டது. அறுபது வருடமாகக் கடையிலும் வங்கியிலும் கட்டிலிலும் பேசிய மொழி, ஒரு காலையில் எழும்பிப் பார்த்தால் இல்லை. அடியில் கிடந்த ஆங்கிலம் மட்டும் மிஞ்சியது, அதுவும் நாக்குத் தடித்து.

இரண்டாம் மாடியில் ஆங்கிலம் தெரிந்த வேறு ஆட்களும் இருந்தார்கள். மாடிக்குப் பொறுப்பான ஃபிராவ் கெர்பருக்கு நன்றாகவே தெரியும், அவருக்கு நேரம்தான் இல்லை. கஜலக்சுமி யாழ்ப்பாணத்தில் உயர்தரம் வரை படித்தவள், ஆங்கிலத்தில் திறமைச் சித்தி. வந்த புதிதில் அகதி விண்ணப்பத்துக்குப் பயன்பட்ட அந்த ஆங்கிலம் முப்பது வருடம் ஒரு மூலையில் கிடந்தது. மிஸிஸ் விட்மரை அவளிடம் ஒப்படைத்தார்கள்.

அவளுக்கு அது பிடித்திருந்தது. ஜெர்மனில் அவள் எப்போதும் ஒரு வசனம் பிந்தித்தான் வருவாள். ஆங்கிலத்தில் அவளுக்குப் பதினெட்டு வயது.

3.

அவர்களுக்குள் ஒரு விளையாட்டு இருந்தது. ஒரே ஒலி, இரண்டு கருத்து. கஜலக்சுமி அவரை முழுக வார்க்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு சோடி. தொடக்கி வைத்தவர் மிஸிஸ் விட்மர். மாலை வகுப்புகளில் சுவிஸ்காரர்களைக் குழப்புவதற்கு அவர் வைத்திருந்த பழைய ஆயுதம் அது.

திங்கட்கிழமைகளில் நிறை பார்க்க வேண்டும். கதிரைத் தராசில் இருத்தி, கஜலக்சுமி குனிந்து எண்ணைப் படிப்பாள்.

“வெயிட்,” என்பார் மிஸிஸ் விட்மர், இடது கண்ணைச் சிமிட்டி.

நிறை. காத்திரு. இரண்டுக்கும் அதே ஒலி. கஜலக்சுமி சட்டைப்பையில் இருந்த சின்னக் கொப்பியில் எழுதிக்கொள்வாள். மகன் என்றால் சண், சூரியன் என்றாலும் சண். ஓட்டை ஹோல், முழுவதும் ஹோல். நோவு பெயின், சாளரக் கண்ணாடி பெயின். ஒரு வருடத்தில் நாற்பது சோடிக்கு மேல் சேர்ந்திருந்தது.

ஒரு நாள் காலை திரைச்சீலையை இழுத்துவிட்டு, “குட் மோர்னிங், மிஸிஸ் விட்மர்,” என்றாள்.

“அந்த மோர்னிங் இல்லை,” என்றார் மிஸிஸ் விட்மர் சுவரைப் பார்த்தபடி. “இன்றைக்கு மற்ற மோர்னிங்.”

அவளுக்கு அந்தச் சோடி தெரியாது. மத்தியானம் அகராதியில் பார்த்தாள். நடுவில் ஓர் எழுத்துக் கூடினால் துக்கம் காத்தல். அன்று கணவர் இறந்த தினம்.

பதிலுக்கு அவளும் ஒரு சோடி கொடுத்தாள். “எங்கட மொழியிலையும் இருக்கு,” என்று, துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு. (இந்த உரையாடல் ஆங்கிலத்தில் நடந்தது. நான் அதை யாழ்ப்பாணத்தில் கொண்டுவந்து இறக்குகிறேன்.) “ஒளி எண்டால் வெளிச்சம். ஒழி எண்டால் செத்துத் துலை. எழுத்து வேறை, ஆனால் எங்கட ஊர்ச் சனத்தின்ர வாயிலை ரெண்டும் ஒண்டுதான்.”

மிஸிஸ் விட்மருக்குச் சிரிப்பு வந்து இருமலாக முடிந்தது. “அப்படியென்றால் எதைச் சொல்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?”

“சொல்லுற ஆளின்ர முகத்தைப் பார்த்தால் தெரியும்.”

* இந்த இடத்தில் வாசகருக்கு ஒரு சங்கடத்தைச் சொல்ல வேண்டும். கதையின் நடுவில் வரப்போகும் சொல் ‘டை’. ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு எழுத்து முறை. நடுவில் ‘ஐ’ போட்டால் சாதல். ‘ஒய்’ போட்டால் தலைக்குச் சாயம் பூசுதல். ஆங்கிலத்தில் எழுதுகிற ஒருவனால் இந்தக் கதையை எழுத முடியாது, எழுதும்போதே எதுவென்று முடிவுசெய்தாக வேண்டும். தமிழில் இரண்டும் ‘டை’தான். போதாததற்குக் கழுத்தில் கட்டுவதும் ‘டை’. தமிழ் என்னைக் காப்பாற்றுகிறது என்று கொஞ்ச நாள் மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

4.

போன வருடம் கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை. குளியலறையில் சுடுதண்ணீர் ஓடி, கண்ணாடி முழுக்க ஆவி. மிஸிஸ் விட்மருக்கு நிறை நாற்பத்தாறு கிலோ, போன மாதத்தை விட இரண்டு குறைவு. கஜலக்சுமி அவரை முழுக வார்க்கும் கதிரையில் இருத்தி, தலைக்குத் தண்ணீர் விட்டாள். ஒரு காலத்தில் கபில நிறம் பூசிய மயிர். வேரிலிருந்து ஒரு சாண் வெள்ளையாகி, நுனி மட்டும் துருப்பிடித்ததுபோல் இருந்தது.

மிஸிஸ் விட்மர் இடது கையைத் தூக்கி அவளுடைய கையைப் பிடித்தார். கை தலைக்குப் பக்கத்தில் இருந்தது.

“ஐ வோண்ட் டு டை,” என்றார்.

அவள் தண்ணீரை நிறுத்தினாள்.

“டை,” என்றார் திரும்பவும். “ஆந்திரேயாஸ் வருவதற்கு முன்னால்.”

இனி, ஹைமின் ஒரு விதியை நீங்கள் அறிய வேண்டும். தங்கியிருப்பவர் ஒருவர் சாக விரும்புகிறேன் என்று சொன்னால், அது யார் காதில் விழுந்ததோ அவர் அன்றைக்கே கணினியில் பதிய வேண்டும். பதிந்தால் மருத்துவர் வருவார். தனியாக இருந்து கதைப்பார். மனம் தெளிவாக இருக்கிறதா, நோவா, தனிமையா, உண்மையான முடிவா என்று பார்ப்பார். இந்த நாட்டில் அப்படி முடிவெடுத்தவர்களுக்கு உதவும் சங்கங்கள் உண்டு, சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. எல்லாம் ஒரு பதிவிலிருந்து தொடங்கும்.

தலைக்கு மை பூச விரும்புகிறேன் என்று சொன்னால், புதன்கிழமை வரும் சிகையலங்காரக்காரியிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

கஜலக்சுமி மிஸிஸ் விட்மரைத் துடைத்து, உடுப்பு மாற்றி, ஜன்னலுக்குப் பக்கத்தில் இருத்தினாள். பிறகு நடைபாதையில் நின்று மகள் சரணியாவுக்குப் போன் எடுத்தாள்.

“பிள்ளை, டை எண்டால் என்ன?”

“தலைக்கு அடிக்கிறதம்மா. எனக்கு இப்ப வேலை, வைக்கிறன்.”

5.

மேலே உள்ள தொலைபேசி உரையாடல் நடக்கவில்லை.

சரணியா என்று ஒரு மகள் உண்டு. அன்று காலை அவள் பேர்ணில் பரீட்சை மண்டபத்தில் இருந்தாள், போன் அணைத்திருந்தது. இரண்டு பிரதிகளில் அவளை அப்படிப் பதில் சொல்ல வைத்தேன். இளம் பிள்ளை, அவசரக்காரி, யாரும் பெரிதாகக் கோபிக்கமாட்டார்கள். மூன்றாவது பிரதியில் கோசலா என்று ஒரு தாதியை உண்டாக்கி, அவள் வாயில் அந்தப் பதிலைப் போட்டேன். அவள் இரண்டு பந்திதான் உயிரோடு இருந்தாள்.

நடந்தது இது. கஜலக்சுமி யாருக்கும் போன் எடுக்கவில்லை. படியிறங்கிச் சமையலறைக்கு வந்தாள்.

நேரம் பத்தே முக்கால். பதினொன்றரைக்குச் சாப்பாட்டு வண்டில்கள் மேலே போக வேண்டும். நான் கரட்டை மசித்துக்கொண்டிருந்தேன்.

“அண்ணை, ஒரு சந்தேகம்.”

“கெதியாச் சொல்லுங்கோ.”

“மிஸிஸ் விட்மர் டை எண்டு சொல்லுறா. தனக்கு டை வேணும் மாதிரி. அதுக்கு என்ன கருத்து அண்ணை?”

“தலைமயிருக்குப் பூசிறதாத்தான் இருக்கும். வேறை என்ன?”

“ஓம் என்ன? மகனும் ஞாயிற்றுக்கிழமை வாறார்.”

“பிறகென்ன? வடிவா வெளிக்கிட்டு இருக்க வேணும் எண்டு நினைச்சிருப்பா.”

அவள் போகவில்லை. கதவுநிலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“அப்ப சரி அண்ணை,” என்றாள் கடைசியில்.

நான் இயந்திரத்தைத் திரும்பவும் போட்டேன். அது போடும் சத்தத்தில் எதுவும் கேட்காது.

(அந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்று எழுத வேண்டும். பலமுறை முயன்றேன். ‘அந்தக் கணத்தில் என் மனதில்’ என்று தொடங்கி, இந்த வசனமும் இவ்வளவில் நிற்கிறது. நேரம் போய்க்கொண்டிருந்தது என்பது உண்மை. நான் ஆங்கிலப் பத்திரிகை படிக்கிறவன் என்பதும் உண்மை.)

அவள் மேலே போய்க் கணினியில் பதிந்தாள். ‘திருமதி விட்மர் தலைமயிருக்கு நிறம் பூச விரும்புகிறார்.’ ஜெர்மனில் நிறம் பூசுவது ஃபெர்பன். சாவது ஷ்டெர்பன். அந்த மொழியிலும் இரண்டும் எதுகையாக வந்து நிற்கின்றன. இதை நான் கண்டுபிடித்தபோது எனக்கு எழுத்தாளனின் சந்தோசம் ஒன்று வந்தது. அதற்காகவும் வெட்கப்படுகிறேன்.

6.

சிகையலங்காரக்காரிக்குப் புதன்கிழமை இடமில்லை. கஜலக்சுமி தன் காசில் ஒரு பெட்டி மை வாங்கி, சனிக்கிழமை, தன்னுடைய ஓய்வுநாளில், ஹைமுக்கு வந்தாள். கபிலத்தில் பதினொரு வகை இருந்ததாம். மிஸிஸ் விட்மரின் மேசையில் இருந்த கல்யாணப் படத்தைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டுபோய் ஒத்துப் பார்த்து வாங்கினாள்.

பழைய துவாயைக் கழுத்தில் சுற்றி, கையுறை போட்டு, மயிரைப் பிரித்துப் பிரித்துப் பூசினாள். அரை மணித்தியாலம். வழக்கமாகச் சோடி சொல்லும் மிஸிஸ் விட்மர் அன்று எதுவும் சொல்லவில்லை. ஒரு தடவை மட்டும் தலையை அசைத்தார்.

“நோ,” என்றார்.

“கொஞ்சம் எரியுதோ? இப்ப முடிஞ்சிடும்,” என்றாள் கஜலக்சுமி.

(நோ என்பதற்கும் சோடி உண்டு. இல்லை என்பது ஒன்று. அறிவேன் என்பது மற்றது. நான் இதை இங்கே எழுதக் கூடாது. எழுதிவிட்டேன்.)

கழுவி உலர்த்திச் சீவி, கண்ணாடிக்கு முன்னால் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தினாள். மிஸிஸ் விட்மர் தன்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு இடது கையால் கஜலக்சுமியின் கன்னத்தைத் தட்டினார். அது நன்றியா, ஒரு பிள்ளையின் பிழையை மன்னிப்பதுபோலவா என்று அவள் என்னிடம் இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆந்திரேயாஸ் வந்து, “அம்மா, இருபது வருடம் குறைந்துவிட்டது,” என்றார். படம் எடுத்தார். கஜலக்சுமிக்கு ஒரு பெட்டி சொக்கிலேற் கொடுத்துவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று கிண்ணமும் தொடாமல் சமையலறைக்குத் திரும்பி வந்தன.

புதன்கிழமையும். மேலே என்ன நடந்தது என்பதை நான் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் கிண்ணங்கள்தான். நான் மசித்த கரட், நான் கரண்டியின் முதுகால் போட்ட வரிகூடக் கலையாமல் திரும்பி வரும். வியாழக்கிழமை இனிப்புப் போட்டு ஆப்பிள் கூழ் அனுப்பினேன். அதுவும் வந்தது. மிஸிஸ் விட்மர் வாயை மூடிக்கொண்டார். கரண்டி உதட்டைத் தொட்டால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார். இரண்டாவது கிழமை தண்ணீரையும் விட்டார்.

குழாய் வைத்து உணவு கொடுக்கக் கூடாது என்று அவர் கையொப்பமிட்ட பத்திரம் கோப்பில் இருந்தது. எனவே யாரும் வற்புறுத்தவில்லை. மருத்துவர் நோவுக்கு மருந்து கொடுத்தார். கஜலக்சுமி மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நனைத்த பஞ்சால் அவருடைய உதட்டைத் துடைத்தாள். அவளுக்கு லீவு இருந்தும் எடுக்கவில்லை.

பதினாறு நாள் பிடித்தது.

7.

அடக்கத்துக்குப் பிறகு அலுவலக அறையில் ஒரு கூட்டம். ஆந்திரேயாஸ் ஓர் உறையோடு வந்திருந்தார். வீட்டுக் கடிதங்களுக்குள் கிடைத்தது. மிஸிஸ் விட்மர் இருபத்திரண்டு வருடமாக, அமைதியாகச் சாக உதவும் ஒரு சங்கத்தில் அங்கத்தவர். மகனுக்கே தெரியாது.

“அம்மா யாரிடமாவது சொன்னாரா?” என்று கேட்டார். “சொல்லியிருந்தால் நான் மறுத்திருக்கமாட்டேன். பக்கத்தில் இருந்திருப்பேன். பதினாறு நாள் இப்படிக் கிடக்க விட்டிருக்கமாட்டேன்.”

ஃபிராவ் கெர்பர் கணினியைத் திறந்தார். மூன்று மாதப் பதிவுகள். நித்திரை, மலம், நிறை, மருந்து. விருப்பம் என்ற தலைப்பில் ஒரேயொரு வரி. தலைமயிருக்கு நிறம்.

ஃபிராவ் கெர்பர் அந்த வரியை ஒரு தடவை வாசித்தார். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த பெண். முகம் மாறியது. மெதுவாகத் திரும்பிக் கஜலக்சுமியைப் பார்த்தார்.

“அவர் ஆங்கிலத்தில் என்ன சொல் சொன்னார், ஃபிராவ் கஜலக்சுமி?”

“டை,” என்றாள் அவள். “நான் ஃபெர்பன் என்று விளங்கிக்கொண்டேன்.”

ஆந்திரேயாஸ் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று முதலில் தெரியவில்லை என்றாள் அவள் பிறகு.

“யாரிடமாவது கருத்துக் கேட்டீர்களா?” என்றார் ஃபிராவ் கெர்பர்.

“இல்லை,” என்றாள் கஜலக்சுமி.

அந்த ‘இல்லை’யை அவள் எனக்காகச் சொன்னாள். நான் அப்போது கீழே, இரவுச் சாப்பாட்டுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். சமையலறை ஆட்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை. நானாகப் படியேறிப் போய்க் கதவைத் தட்டியிருக்கலாம். இருபத்துநான்கு படி.

அறிக்கையில் ‘மொழிப் பிரச்சினை’ என்று எழுதினார்கள். யாருக்கும் தண்டனை இல்லை. மாடியில் எல்லோருக்கும் அரைநாள் பயிற்சி ஒன்று வைத்தார்கள். கஜலக்சுமி மூன்று மாத முன்னறிவித்தல் கொடுத்து வேலையை விட்டாள். கடைசி நாள் சமையலறைக்கு வந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள்.

“வாறன் அண்ணை,” என்றாள் என்னிடமும்.

8.

இங்கே கதையை முடிக்க மூன்று வழி யோசித்தேன்.

முதலாவதில், மிஸிஸ் விட்மர் கேட்டது மைதான். மகனுக்கு முன் வடிவாக இருக்க ஆசைப்பட்டார், ஆசை நிறைவேறியது. சாப்பாட்டை விட்டது நோயின் போக்கு, எண்பத்தாறு வயதில் எத்தனையோ பேர் அப்படி விடுகிறார்கள். கஜலக்சுமி மீது பிழை இல்லை. சமையலறையில் இருந்த ஆள் மீதும் இல்லை. இந்த முடிவை எழுதிய அன்று நன்றாக நித்திரை கொண்டேன்.

இரண்டாவதில், அவர் கேட்டது சாவு. கேட்ட சாவு கிடைக்காமல், இருந்த ஒரே வழியைத் தானாக எடுத்துக்கொண்டார். இதை எழுதினால் ஆறாம் பகுதியில் வரும் அந்த மை பூசும் அரை மணித்தியாலத்தை மறுபடி எழுத வேண்டிவரும். என்னால் முடியவில்லை.

மூன்றாவதில், அவர் இரண்டையும் கேட்டார். மாலை வகுப்பு ஆசிரியை, சோடிச் சொற்களின் பிரியை, கடைசியாக ஒரே சொல்லில் இரண்டு விருப்பத்தையும் வைத்தார். ஒன்று நிறைவேறிற்று, மற்றதைத் தானே பார்த்துக்கொண்டார். கெட்டித்தனமான முடிவு. இதைத்தான் அச்சுக்குக் கொடுப்பதாக இருந்தேன்.

கொடுப்பதற்கு முன் கஜலக்சுமி ஒரு தடவை வாசிக்க வேண்டும் என்று தோன்றியது. பெயரை மாற்றலாம், ஊரை மாற்றலாம். ஆனாலும்.

9.

இப்போது அவள் ஆராவில் ஒரு தமிழ்க் கடையில் வேலைக்கு நிற்கிறாள். போன சனிக்கிழமை பிற்பகல் போனேன். மரக்கறி வந்த பெட்டிகளை உடைத்து மடித்துக்கொண்டிருந்தாள். தலைமயிர் நரைத்திருந்தது. ஹைமில் இருந்தபோது நான் அதைக் கண்டதில்லை.

“எழுத்தாளர் அண்ணை,” என்றாள். பகிடி இல்லை.

தாள்களைக் கொடுத்தேன். எட்டாம் பகுதி வரை. அவள் கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூலில் இருந்து வாசித்தாள். இடையில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவருக்கு வெண்டிக்காய் நிறுத்துக் கொடுத்தாள், மற்றவருக்குத் தொலைபேசி அட்டை. திரும்ப வந்து விட்ட இடத்தில் விரல் வைத்து வாசித்தாள். நான் அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

“சரணியாவை ஏன் இதுக்குள்ளை இழுத்தனீங்கள்?” என்றாள் முதலில்.

“அஞ்சாம் பகுதியிலை திருத்தியிருக்கிறன்.”

“கண்டனான்.”

கடைசித் தாளை முடித்து, எல்லாவற்றையும் அடுக்கி, ஓரத்தைத் தட்டிச் சரிசெய்தாள். வெளியே தெருவில் பனி விலகவில்லை. மூன்று மணிக்கே கார்கள் விளக்குப் போட்டுக்கொண்டு போயின.

“மூண்டு முடிவும் பிழை அண்ணை,” என்றாள்.

தாள்களை வாங்கக் கையை நீட்டினேன். அவள் விடவில்லை.

“அவ எழுதிக் காட்டினவ.”

“எங்கை?”

“குளியலறைக் கண்ணாடியிலை. ஆவி படிஞ்சிருந்ததெல்லே. நான் தண்ணியை நிப்பாட்டிப்போட்டு முழிச்சுக்கொண்டு நிண்டதைப் பார்த்திட்டு, இடது கை விரலாலை எழுதினவ. மூண்டு எழுத்து. கோணல்மாணலாத்தான். ஆனால் ரீச்சரெல்லே, நடு எழுத்தைத் திருப்பித் திருப்பி ரெண்டு தரம் கீறினவ. நேர்க்கோடு.”

“ஐ,” என்றேன்.

“ஓம். ஐ.”

அவள் தாள்களின் மேல் கையை வைத்திருந்தாள். கையில் மை இல்லை, மஞ்சள் இல்லை. குளிரில் வெடித்திருந்தது.

“நான் துவாயாலை துடைச்சுப்போட்டன்,” என்றாள். “அவ பார்த்துக்கொண்டுதான் இருந்தவ.”

“ஏன் கஜலக்சுமி?”

“பதியிறதுக்குப் போனனான் அண்ணை. முதல் மற்றச் சொல்லைத்தான் அடிச்சனான், ஷ்டெர்பன் எண்டு. மூண்டு தரம் அடிச்சு மூண்டு தரம் அழிச்சனான். அதை அமத்தினால் என்ர பேரோடை போகும். நாளைக்கே ஆக்கள் வந்து கேக்கத் தொடங்குவினம், கையெழுத்து வாங்குவினம், ஒரு நாள் குறிப்பினம். எல்லாம் என்ர வரியிலை இருந்து தொடங்கும். எனக்கு அடுத்த திங்கக்கிழமையும் அவவை முழுக வாக்க வேணும் போலை இருந்தது. அவ்வளவுதான். வேறை ஒருத்தரும் எனக்கு இங்கை அந்த மாதிரிக் கதைச்சதில்லை.”

கடை வாசலில் மணி அடித்தது. ஒருவர் தலையை நீட்டி, முருங்கைக்காய் வந்துவிட்டதா என்று கேட்டார். வெள்ளிக்கிழமைதான் வரும் என்று அவள் சொன்னாள். அவர் போகும்வரை காத்திருந்தாள்.

“அதுதான் அழிச்சுப்போட்டு உங்களிட்டை இறங்கி வந்தனான். நீங்கள் எழுத்தாளர். உங்களுக்கு ரெண்டு கருத்தும் தெரியும். சாவு எண்டு நீங்கள் சொல்லியிருந்தால் மேலை போய் எழுதியிருப்பன், சத்தியமா. ஒரு ஆள் சொல்ல வேணும் போலை இருந்தது.”

“நான் தலைமயிர் எண்டு சொன்னன்.”

“ஓம். யோசிக்காமல் சொன்னியள். கேட்டு முடிக்க முதல் சொன்னியள்.” அவள் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள். “கேக்கிறன் எண்டு குறை நினைக்கக் கூடாது. உங்களுக்கும் அண்டைக்கு விளங்கினதுதானே அண்ணை?”

நான் பதில் சொன்னேன். ஒரே சொல்.

அவள் தலையசைத்தாள். தாள்களை என்னிடம் தந்தாள். பெட்டிகளை மடிக்கத் திரும்பினாள்.

வாசகரே, அந்தச் சொல்லை நான் இங்கே எழுதவில்லை. ‘ஓம்’ என்று எழுதிப் பார்த்தேன், அழித்தேன். ‘இல்லை’ என்று எழுதிப் பார்த்தேன், அழித்தேன். இடம் விட்டிருக்கிறேன்:

“                ”

இவ்வளவு தூரம் என்னோடு வந்திருக்கிறீர்கள். என் முகத்தை நீங்கள் பார்த்ததில்லை. எதைப் போட்டாலும் வசனம் பொருந்தும், கதை முடிந்துவிடும். ஆனால் எதைப் போட்டாலும், மிஸிஸ் விட்மருக்குப் பதினாறு நாள் பிடித்தது.